டாக்டரின் சாட்சி: கூலியா? அமானத்தா?

சில வாரங்களுக்கு முன்பு, ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பிறகு, சுந்தரபாண்டியத்திலிருந்து ஒரு சகோதரர் நம்மைக் காண வந்தார். கையில் ஊன்றுகோல்; முகத்தில் களைப்பு. மொபெட்டில் ஜவுளி மூட்டையை ஏற்றிக்கொண்டு, வத்திராயிருப்புப் பக்கத்துக் கிராமங்களில் வீடு வீடாகத் தவணைக்குத் துணி விற்றுப் பிழைத்தவர் அவர். கிருஷ்ணன்கோவில் அருகே ஒரு லாரி மோதி இடது காலில் இரண்டு எலும்புகளும் ஒடிந்தன. மதுரையில் ஆபரேஷன் செய்து பிளேட் வைத்தார்கள். எலும்பு கூடிவிட்டது, ஆனால் கோணலாகக் கூடிவிட்டது. இன்று அவரால் மொபெட் ஓட்ட முடியாது, மூட்டை தூக்க முடியாது, தொழுகையில் இருப்பில் அமரவும் முடியாது. நாற்காலியில் அமர்ந்து தொழுகிறார்.

இழப்பீடு கேட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் வழக்குப் போட்டிருக்கிறார். அங்கேதான் பிரச்சினை முளைத்தது. சிகிச்சை செய்த டாக்டர், காலின் ஊனம் 15 சதவீதம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, "கோர்ட்டுக்கெல்லாம் என்னைக் கூப்பிடாதீர்கள்" என்று சொல்லிவிட்டார். இதைக் கேள்விப்பட்ட ஒரு தரகர் வீடு தேடி வந்தார். "பதினைந்தை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள் பாய்? எனக்குத் தெரிந்த டாக்டர் ஒருவர் இருக்கிறார். நாற்பது என்று எழுதுவார். கூண்டில் ஏறிச் சொல்லவும் செய்வார். இப்போது கைக்குக் கொஞ்சம் கொடுத்தால் போதும். பணம் வந்த பிறகு பத்தில் ஒன்று தாருங்கள்" என்றாராம்.

சகோதரருக்கு மனம் ஊசலாடியது. அவருடைய வீட்டுக்காரம்மாதான், "அந்தக் காசில் நம் பிள்ளைகளுக்குச் சோறு போடலாமா என்று விபரம் தெரிந்தவர்களிடம் கேட்டுவிட்டு வாருங்கள்" என்று அனுப்பி வைத்திருக்கிறார். வந்தவர் நம்மிடம் கேட்டார்:

"ஹஜ்ரத், என் கால் ஒடிந்தது பொய்யா? என் பிழைப்புப் போனது பொய்யா? கம்பெனிக்காரனும் தன் பக்கம் ஒரு டாக்டரை வைத்துக் குறைத்துச் சொல்லத்தானே போகிறான்? நான் மட்டும் நியாயம் பார்த்து ஏமாற வேண்டுமா?"

நம்மால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. கேள்வியில் ஆசை மட்டும் இல்லை, வலியும் இருந்தது. சில நாட்கள் தவணை கேட்டோம். கிதாபுகளைப் புரட்டினோம், சட்டம் அறிந்த நண்பர்களிடமும் விசாரித்தோம். நமக்குத் தெளிவானதை அவருக்குச் சொன்னோம். இத்தகைய கேள்வி இன்று பல வீடுகளில் எழக்கூடியது என்பதால் இங்கேயும் எழுதுகிறோம்.

சாட்சியின் கனம்

முதலில் ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். நம் மார்க்கத்தில் சாட்சி சொல்வது ஒரு பக்கத்தாருக்குச் செய்யும் உதவி அன்று. அல்லாஹ்வுக்காக நிறைவேற்றும் கடமை. அந்நிஸா சூராவின் 135 ஆம் ஆயத்து, நமக்கே எதிராக இருந்தாலும், பெற்றோருக்கும் உறவினருக்கும் எதிராக இருந்தாலும் நீதியில் நிலைத்து நின்று அல்லாஹ்வுக்காகச் சாட்சி சொல்லுமாறு பணிக்கிறது. அத்தோடு நிற்கவில்லை. சம்பந்தப்பட்டவர் செல்வந்தராயினும் ஏழையாயினும் அல்லாஹ்வே அவர்களுக்கு நெருக்கமானவன் என்றும் சொல்கிறது. இந்த இடத்தில் நாம் நின்று சிந்திக்க வேண்டும். பணக்காரன் பக்கம் சாய்வது தவறென்று எல்லோரும் ஒப்புக்கொள்கிறோம். ஏழையின் மேல் இரக்கப்பட்டுச் சாய்வதும் சாட்சியில் தவறுதான் என்று இந்த ஆயத்து உணர்த்துகிறது. ஏழைக்கு இரங்கச் சதக்கா இருக்கிறது, ஜகாத் இருக்கிறது. சாட்சிக் கூண்டு இரக்கம் காட்டும் இடமன்று.

பெரும் பாவங்களை எண்ணிச் சொல்லிக்கொண்டிருந்த நபி (ஸல்) அவர்கள், அதுவரை சாய்ந்திருந்தவர்கள், பொய்ச் சாட்சி என்ற இடம் வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்து அதைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள் என்று அபூபக்ரா (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. 'இனி நிறுத்திவிடக் கூடாதா' என்று தோழர்கள் எண்ணும் அளவுக்குச் சொன்னார்களாம்.

'கம்பெனிப் பணம்தானே, யார் பொருளைப் பிடுங்குகிறோம்?' என்று கேட்போர் உண்டு. இன்ஷூரன்ஸ் பற்றிய மார்க்க விவாதம் இங்கே நமது பேச்சன்று. காயப்படுத்தியவர் தரப்பு ஈடு தர வேண்டும் என்பதில் எவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் உரிமைக்கு மேல் எடுப்பது யாருடைய பையிலிருந்து எடுத்தாலும் உரிமைக்கு மேல்தான். வழக்காடுவோரில் வாதத் திறமை மிக்க ஒருவருக்குச் சாதகமாகத் தாம் தீர்ப்பளித்துவிடக்கூடும். அது அவருடைய சகோதரரின் ஹக்காக இருந்தால், தாம் வெட்டிக் கொடுப்பது நெருப்பின் ஒரு துண்டே என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்ததை உம்மு ஸலமா (ரலி) அறிவிக்கிறார்கள். தீர்ப்பு கையில் வந்துவிட்டால் பொருள் ஹலாலாகிவிடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சொல் வேண்டுமா?

முகத்தைப் பார்க்காத சாட்சி

கண்ணால் கண்டதைச் சொல்பவர் சாதாரணச் சாட்சி. தன் படிப்பாலும் பழக்கத்தாலும் அறிந்ததைச் சொல்பவர் நிபுணச் சாட்சி. நிபுணரின் கருத்தை ஏற்கும் விதியை 1872 ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம் தன் 45 ஆம் பிரிவில் வைத்திருந்தது. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் வந்துள்ள புதிய சாட்சியச் சட்டத்தில் அது 39 ஆம் பிரிவாக இருக்கிறது. எலும்பு கூடியது நேராகவா கோணலாகவா, முழங்கால் எத்தனை டிகிரி மடங்குகிறது என்பதை நீதிபதி தானாக அறிய முடியாது. ஆகவே கோர்ட் டாக்டரின் கண்ணைக் கடன் வாங்குகிறது.

இது நமக்குப் புதிதன்று. ஸைத் (ரலி) அவர்கள் வெளுத்தவர்கள், அவர்களுடைய மகன் உஸாமா (ரலி) கறுத்தவர்கள். இதை வைத்துச் சிலர் புறம் பேசி வந்தார்கள். ஒரு நாள் இருவரும் தலையைப் போர்த்திப் படுத்திருந்தார்கள். பாதங்கள் மட்டும் வெளியே தெரிந்தன. அடையாளக் குறி பார்ப்பதில் தேர்ந்த முஜஸ்ஸிஸ் அல்முத்லிஜி என்பவர் அவ்வழியே வந்து, அந்தப் பாதங்களைப் பார்த்து, இவை ஒன்றிலிருந்து ஒன்று வந்தவை என்றார். நபி (ஸல்) அவர்கள் முகம் மலர வீட்டுக்கு வந்து இதைச் சொன்னதாக ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார்கள். இதை வைத்து வம்சத்தை நிறுவலாமா என்பதில் இமாம்களிடையே வேறுபாடு உண்டு. மற்ற மூன்று மத்ஹபினர் ஏற்கிறார்கள், ஹனஃபிகள் ஏற்பதில்லை. நாம் எடுத்துக்கொள்ளும் படிப்பினை வேறு. அந்த மனிதர் முகத்தைப் பார்க்கவில்லை, பாதத்தைப் பார்த்தார். யாருக்கு இது பிடிக்கும், யாருக்குப் பிடிக்காது என்று கணக்குப் போடவில்லை, கண்டதைச் சொன்னார். நிபுணச் சாட்சி என்றால் இதுவன்றோ!

காயங்களின் சட்டத்திலும் இத்தகைய இடம் இருக்கிறது. ஈடு இவ்வளவு என்று ஷரீஅத்தில் வரையறுக்கப்படாத காயங்களுக்கு, விபரம் அறிந்த நேர்மையாளர் மதிப்பிட்டுச் சொல்வதையே ஃபுகஹாக்கள் வழியாக வைத்தார்கள். அந்த மதிப்பீட்டுக்கு அவர்கள் இட்ட பெயர் 'ஹுகூமத்துல் அத்ல்'. நீதியின் மதிப்பீடு என்று பொருள். இன்றைய 'ஊனச் சதவீதம்' இதற்கு வெகு தூரமானதன்று.

நம் பகுதிப் பெரியவர்கள் பலரும் கேட்டறிந்த வழக்கொன்று உண்டு. 1952 இல் போட் மெயில் ரயிலில், மானாமதுரையில், ஒரு டிரங்குப் பெட்டிக்குள் தலையில்லாத உடல் கிடைத்தது. இராயபுரம் கடற்கரையில் தலை கிடைத்தது. இரண்டும் ஒருவருடையவையே, அவர் ஆளவந்தார் என்னும் வியாபாரி என்று உறுதிப்பட, சென்னை மருத்துவக் கல்லூரியில் நடந்த ஆய்வு துணை நின்றது. பேச முடியாத மைய்யித்துக்காக டாக்டரின் அறிவு பேசியது. இத்தனை பெரிய பொறுப்பு அந்த நாவில் இருக்கிறது.

கூலி எதற்கு?

அப்படியானால் டாக்டர் கூலியே வாங்கக்கூடாதா? சாட்சி சொல்வது கடமை என்பதால் வெறும் சாட்சிக்குக் கூலி வாங்குவதை ஃபுகஹாக்கள் பொதுவாக விலக்கியிருக்கிறார்கள். ஆனால் டாக்டர் வெறுமனே கண்டதைச் சொல்ல வருபவரல்லர். நோயாளியை வரவழைத்துச் சோதிக்கிறார், எக்ஸ்ரே பார்க்கிறார், பழைய சீட்டுகளைப் படிக்கிறார், ஒரு நாள் வேலையை விட்டுவிட்டுப் பஸ் ஏறி வருகிறார். இந்த உழைப்புக்குக் கூலி உண்டா?

இதற்கு ஒப்பான இடத்தைத் தேடியபோது, நம் மத்ரஸாக்களில் ஓதிக் கொடுக்கப்படும் குதூரியிலும் ஹிதாயாவிலும் பாகப்பிரிவினைப் பாடம் கண்ணில் பட்டது. கூட்டுச் சொத்தைப் பங்கிட்டுக் கொடுக்கும் 'காஸிம்' என்னும் அளவையாளரும் ஒரு நிபுணரே. காஜி அவரை நியமிக்க வேண்டும். பைத்துல் மாலிலிருந்து சம்பளம் கொடுப்பது சிறப்பு. அது இயலாவிட்டால் பங்காளிகளிடமே கூலி பெறலாம் என்கிறது சட்டம். அவர் நீதியாளராக, நம்பிக்கைக்குரியவராக, தொழிலறிந்தவராக இருக்க வேண்டும். அளவையாளர்கள் கூட்டுச் சேர்ந்து கூலியை ஏற்றிவிடாதபடியும் காஜி பார்த்துக்கொள்ள வேண்டும். கூலியைப் பங்காளிகளின் தலை எண்ணிக்கைப்படி பிரிக்க வேண்டும் என்பது இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் சொல். பங்கின் அளவுப்படி என்பது அவர்களுடைய இரு மாணவர்களின் சொல்.

இதிலே நமக்கு வேண்டிய விடை இருக்கிறது. நிபுணர் கூலி பெறலாம். ஆனால் அந்தக் கூலி வேலைக்குரியது. ஒருவருக்குச் சாதகமாகக் கோட்டை நகர்த்துவதற்குரியது அன்று. அளவையாளர் 'எல்லைக் கல்லை உன் பக்கம் ஒரு முழம் தள்ளி வைக்கிறேன், அந்த ஒரு முழத்தில் பத்தில் ஒன்று எனக்கு' என்று பேசினால் அவரை எந்தப் பங்காளியாவது நம்புவாரா? தரகர் சொன்ன ஏற்பாடு இதுவேதான்.

கணக்குப் போட்டுப் பார்த்தோம். மாதம் 12,000 ரூபாய் சம்பாதித்த 38 வயதுக்காரர் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டு வருமானம் 1,44,000. அந்த வயதுக்குக் கோர்ட்டுகள் கையாளும் பெருக்கு எண் 15. இரண்டையும் பெருக்கினால் 21,60,000. மற்றச் சேர்மானங்களை விட்டுவிட்டால், வருமான இழப்பு ஒவ்வொரு சதவீதத்துக்கும் 21,600 ரூபாய். பதினைந்தை நாற்பதாக்கினால் 5,40,000 ரூபாய் கூடுகிறது. பேனா முனையில் இரண்டு எழுத்து மாறுவதற்கு இவ்வளவு விலை! அதில் பங்கு பேசிக்கொண்ட டாக்டர் காலைப் பார்ப்பாரா, கணக்கைப் பார்ப்பாரா?

உலகச் சட்டமும் இதை உணர்ந்தே இருக்கிறது. இந்திய மருத்துவக் கழகத்தின் 2002 ஆம் ஆண்டு ஒழுக்க விதிகள், 'குணமானால்தான் பணம்' என்று நோயாளியிடம் டாக்டர் ஒப்பந்தம் பேசுவதையே முறைகேடு என்கின்றன. வழக்கின் முடிவைப் பொறுத்துக் கூலி பேசுவதையும், கிடைக்கும் தொகையில் பங்கு கேட்பதையும் வக்கீல்களுக்கு பார் கவுன்சில் விதிகள் தடுக்கின்றன. கட்சிக்காக வாதாடும் வக்கீலுக்கே பங்கு ஆகாதென்றால், கட்சியே இல்லாத சாட்சிக்கு ஆகுமா? இங்கிலாந்தில் 1999 முதல் நடப்பிலுள்ள சிவில் விதிகள், நிபுணரின் கடமை கோர்ட்டுக்கே உரியது, கூலி கொடுத்தவருக்குக் காட்டும் கடப்பாட்டைவிட அது மேலானது என்று எழுதியே வைத்திருக்கின்றன.

ஆகவே எல்லை இதுதான்: டாக்டரின் நேரத்துக்கும் உழைப்புக்கும் பயணத்துக்கும் கொடுக்கலாம். அதை முன்கூட்டியே தொகையாகப் பேசிக்கொள்ள வேண்டும். அவர் 15 என்று சொன்னாலும் 40 என்று சொன்னாலும், நாம் ஜெயித்தாலும் தோற்றாலும் தொகை மாறக்கூடாது. அவருடைய கண்ணைக் கூலிக்கு அமர்த்தலாம், நாவை அமர்த்தக்கூடாது.

குறைத்துச் சொல்வதும் பொய்தான்

'கம்பெனிக்காரன் மட்டும்?' என்ற கேள்விக்கும் பதில் வேண்டும். இழப்பீடு தரவேண்டிய தரப்புக்காக வந்து, உள்ள ஊனத்தை இல்லையென்று சொல்லும் டாக்டரும் அதே பாவத்தில்தான் நிற்கிறார். சாட்சியை மறைப்பவரின் உள்ளமே பாவத்துக்குள்ளானது என்று அல்பகராவின் 283 ஆம் ஆயத்து சொல்கிறது. ஆனால் எதிரி பொய் சொல்வது நமக்குப் பொய்யை ஹலாலாக்காது. ஒரு கூட்டத்தின் மேலுள்ள வெறுப்பு உங்களை நீதியிலிருந்து தவறச் செய்ய வேண்டாம் என்ற அல்மாயிதாவின் 8 ஆம் ஆயத்து, எதிரி நல்லவனாக இருக்கும்போது ஓதுவதற்காக இறங்கியதன்று.

பணம் வாங்காத டாக்டரும் தவறக்கூடும் என்பதையும் நாம் அறிந்திருக்க வேண்டும். இங்கிலாந்தில் ஸாலி கிளார்க் என்ற பெண் வக்கீலின் இரண்டு கைக்குழந்தைகள் அடுத்தடுத்து இறந்துபோயின. தாயே கொன்றாள் என்று வழக்கு. 1999 இல் நடந்த விசாரணையில், ராய் மெடோ என்ற பேர்பெற்ற குழந்தை மருத்துவர் அரசுத் தரப்புச் சாட்சியாக வந்தார். அத்தகைய குடும்பத்தில் ஒரு குழந்தை காரணமின்றித் தொட்டிலில் இறக்க 8,543 இல் ஒரு வாய்ப்பு. அதை அதனாலேயே பெருக்கினால் 7 கோடியே 30 லட்சத்தில் ஒன்று என்றார். ஒரே தாய்க்குப் பிறந்து ஒரே வீட்டில் வளர்ந்த குழந்தைகளுக்கு ஒரே குறை இருக்கக்கூடும், அப்படிப் பெருக்குவது தவறு என்று கணித அறிஞர்கள் பின்னர் எடுத்துக்காட்டினார்கள். தாய்க்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. குழந்தைகளைப் பிரேதப் பரிசோதனை செய்த இன்னொரு டாக்டர், ஒரு குழந்தையின் உடலில் கிருமிகள் இருந்ததைக் காட்டிய சோதனை முடிவை வெளியே சொல்லாமல் வைத்திருந்தது தெரியவந்த பிறகுதான், 2003 இல் அந்தத் தாய் விடுதலையானார். அதற்குள் வாழ்வு சிதைந்துவிட்டது. 2007 இல் இறந்துபோனார்.

இங்கே யாரும் கைக்கூலி வாங்கியதாகச் செய்தி இல்லை. ஒருவர் தன் துறைக்கு அப்பால் பேசினார். ஒருவர் தெரிந்ததைச் சொல்லாமல் விட்டார். அறிவில்லாததைப் பின்தொடராதே, செவியும் பார்வையும் உள்ளமும் விசாரிக்கப்படும் என்று பனீ இஸ்ராயீல் சூராவின் 36 ஆம் ஆயத்து எச்சரிப்பது இதற்காகத்தான். 'எனக்குத் தெரியாது' என்று கூண்டில் சொல்லத் துணிவதே நிபுணருக்கு அழகு.

உண்மையே போதும்

இப்போது சகோதரரின் வலிக்கு வருவோம். அவர் ஒரு தப்பெண்ணத்தில் சிக்கியிருந்தார். டாக்டர் எழுதும் சதவீதமே இழப்பீட்டின் சதவீதம் என்று நம்பியிருந்தார். தரகரும் அப்படியே நம்ப வைத்திருந்தார். சட்டம் அப்படி இல்லை.

ராஜ்குமார் – அஜய்குமார் வழக்கில் 2010 இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இதைத் தெளிவாக்கியிருக்கிறது. ஒரு கை அல்லது காலின் ஊனம் வேறு. முழு உடம்பின் ஊனம் வேறு. சம்பாதிக்கும் சக்தியின் இழப்பு வேறு. டாக்டர் சொல்லக்கூடியது ஊனத்தின் அளவை. பிழைப்பு எவ்வளவு போயிற்று என்பதை எல்லாச் சாட்சியங்களையும் பார்த்துத் தீர்மானிப்பது தீர்ப்பாயத்தின் வேலை. இடது கையை இழந்தவர் டிரைவராகவோ தச்சராகவோ இருந்தால் இழப்பு ஏறக்குறைய முழுமையாகலாம். அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தால் வேலையே போகாமலும் இருக்கலாம் என்று அந்தத் தீர்ப்பு உதாரணம் சொல்கிறது. அந்த வழக்கிலேயே, 1991 இல் அடிபட்டவருக்குக் காலில் 45 சதவீத ஊனம் என்று சர்டிபிகேட் இருந்தது. வருமான இழப்பை 20 சதவீதம் என்றே கோர்ட் எடுத்துக்கொண்டது. சிகிச்சையே செய்யாமல் தாராளமாகச் சர்டிபிகேட் எழுதிக் கொடுக்கும் டாக்டர்கள் விஷயத்தில் தீர்ப்பாயங்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்றும் அந்தத் தீர்ப்பு சொல்லியிருக்கிறது.

இதன் பொருள் என்ன? தரகரின் நாற்பது, பாவம் மட்டுமன்று; பயன் தருமா என்பதும் சந்தேகம். அதே நேரத்தில் உண்மையான பதினைந்து, சகோதரர் பயந்த அளவுக்குச் சிறியதும் அன்று. மேஜை முன் அமர்ந்து கணக்கெழுதுபவருக்கு அந்தக் கால் பெரிய இழப்பாக இல்லாதிருக்கலாம். மூட்டை தூக்கி, வண்டி ஓட்டி, படியேறி இறங்கிப் பிழைத்தவருக்கு அந்தக் கால்தான் கடை. அவர் செய்ய வேண்டியது பொய்யை வாங்குவதன்று. உண்மையை முழுமையாகச் சொல்வது. எந்தெந்த ஊருக்குப் போய் வந்தார், எவ்வளவு எடை தூக்கினார், இப்போது எது முடிகிறது, எது முடியவில்லை என்பதைத் தவணை நோட்டுகளோடும் வாடிக்கைக்காரர்களின் சாட்சியத்தோடும் எடுத்து வைக்கலாம். சர்டிபிகேட்டில் சந்தேகம் இருந்தால் மருத்துவக் குழுவிடம் மறுபடி சோதித்துக்கொள்ளவும் கேட்கலாம். அங்கே பதினைந்து இருபதாகலாம், பன்னிரண்டாகவும் ஆகலாம். எதுவானாலும் அது அவருடைய ஹக்கு.

நேர்மையாக நடந்தால் தொகை கூடிவிடும் என்று நாம் யாருக்கும் வாக்களிக்க மாட்டோம். சில வேளை குறையும். குறைந்த தொகையோடு வீடு திரும்புபவரின் வருத்தம் சிறியதன்று என்பதும் நமக்குத் தெரியும். ஆனால் நெருப்புத் துண்டோடு வீடு திரும்பவில்லை என்ற ஆறுதல் அவருக்கு உண்டு.

வராத டாக்டர்

குற்றம் முழுவதையும் தரகர் தலையில் போட்டுவிட்டு நாம் நகர்ந்துவிட முடியாது. நேர்மையான டாக்டர் 'கோர்ட்டுக்கு வரமாட்டேன்' என்று கதவைச் சாத்துவதால்தான் விலைக்கு வரும் டாக்டருக்குக் கதவு திறக்கிறது. சாட்சிகள் அழைக்கப்படும்போது மறுக்க வேண்டாம் என்பது அல்பகராவின் 282 ஆம் ஆயத்திலுள்ள கட்டளை. கேட்கப்படும் முன்பே சாட்சியத்தைக் கொண்டுவருபவரே சாட்சிகளில் சிறந்தவர் என்ற ஹதீஸ் முஸ்லிமில் இருக்கிறது. நம் பிள்ளைகள் இன்று டாக்டருக்குப் படிக்கிறார்கள். விருதுநகரிலேயே 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கத்தி பிடிக்கக் கற்பதோடு, கூண்டில் நிற்கவும் அவர்கள் மனத்தைப் பழக்க வேண்டும். ஒடிந்த காலைச் சேர்த்து வைத்தவர், அந்தக் காலைப் பற்றி உண்மை சொல்ல ஒரு நாள் வருவதும் சிகிச்சையின் பகுதியே.

டாக்டர்கள் பக்கத்திலும் நியாயம் உண்டு. காலையில் வரச்சொல்லி மாலை வரை வராந்தாவில் நிறுத்தினால், வெளியே காத்திருக்கும் நோயாளிகளின் கதி என்ன? எழுதுபவருக்கும் சாட்சிக்கும் இடையூறு செய்யக்கூடாது என்று அதே 282 ஆம் ஆயத்து சொல்வது கவனிக்கத்தக்கது. மேலே சொன்ன தீர்ப்பும் இதை யோசித்திருக்கிறது. டாக்டருக்குக் குறிப்பிட்ட நேரம் ஒதுக்கலாம். கமிஷனர் ஒருவரை அனுப்பி அவர் இருக்கும் இடத்திலேயே சாட்சியத்தைப் பதிவு செய்யலாம் என்று வழி காட்டுகிறது. இந்த வசதியைக் கேட்டுப் பெறுவது வக்கீலின் பொறுப்பு.

இதைவிடக் கடினமான சோதனை, ஒரு டாக்டர் இன்னொரு டாக்டருக்கு எதிராகப் பேசவேண்டி வரும்போது ஏற்படுகிறது. டாக்டரின் கவனக்குறைவால் உயிர் போயிற்று என்று ஒரு குடும்பம் தனிப்பட்ட முறையில் கிரிமினல் புகார் கொடுத்தால், தகுதியுள்ள மற்றொரு டாக்டரின் நம்பத்தகுந்த கருத்து இல்லாமல் அதை ஏற்க வேண்டாம் என்று ஜேக்கப் மாத்யூ வழக்கில் 2005 இல் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆதாரமற்ற புகார்களிலிருந்து டாக்டர்களைக் காக்க அந்த ஏற்பாடு தேவைதான். ஆனால் அதனால் பாதிக்கப்பட்ட வீட்டின் கதவுச் சாவி இன்னொரு டாக்டரின் கையில் போய்விட்டது. 'நம் தொழில்காரர், எதிராகச் சொல்லலாமா' என்று எல்லோரும் வாய் மூடினால் அந்த வீடு எங்கே போகும்? பெற்றோருக்கும் உறவினருக்கும் எதிராகவும் சாட்சி சொல் என்ற கட்டளை, தொழில் உறவுக்கு மட்டும் விலக்கு அளித்திருக்கிறதா? அதே போலக் குற்றமில்லாத டாக்டர் மேல் பழி விழும்போது, 'இவர் செய்தது முறையானதே' என்று முன்வந்து சொல்வதும் கடமைதான்.

முடிவாக

சகோதரரிடம் இவையெல்லாவற்றையும் சொன்னோம். சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்படியானால் மதுரை டாக்டரையே மறுபடியும் போய்க் கேட்கிறேன். நாற்பது எழுதச் சொல்லிக் கேட்கமாட்டேன், வந்து பதினைந்தைச் சொல்லச் சொல்லிக் கேட்கிறேன்" என்றார்.

போயிருக்கிறார். குறிப்பிட்ட நேரம் சொன்னால் வருகிறேன் என்று அந்த டாக்டர் ஒப்புக்கொண்டாராம். நாள் கூலியாக ஒரு தொகை பேசி, அதற்கு ரசீதும் தருவதாகச் சொல்லியிருக்கிறார். தரகர் இப்போது அந்தத் தெருவில் தலை காட்டுவதில்லை. வழக்கு இன்னும் முடியவில்லை. தீர்ப்பு எப்படி வரும் என்பது அல்லாஹ் ஒருவனுக்கே தெரியும். வீட்டுக்காரம்மா பக்கத்து வீட்டுப் பெண்களுக்குத் துணி தைத்துக் கொடுத்து அடுப்பெரிய வைத்துக்கொண்டிருக்கிறார். ஜமாஅத்தில் வசதியுள்ளோர் இத்தகைய வீடுகளை வழக்கு முடியும்வரை தாங்கிப் பிடித்தால், தரகர்களின் பேச்சு எடுபடாது. இதுவும் நம் மேலுள்ள கடமையே.

அன்பர்களே! கோர்ட்டுக் கூண்டில் இன்று டாக்டர் ஒருவர் நம் காலைப் பற்றிச் சாட்சி சொல்கிறார். நாவுகளுக்கு முத்திரையிடப்படும் நாளிலே, கைகள் பேசும், கால்களும் சாட்சி சொல்லும் என்று யாஸீன் சூராவின் 65 ஆம் ஆயத்து அறிவிக்கிறது. அந்தச் சாட்சியை எவரும் விலைக்கு வாங்க முடியாது. அன்று அது சொல்லப்போவதையே இன்றும் சொல்ல வைப்போம்.

வல்ல நாயன் நம் நாவுகளையும் நம் பிள்ளைகளின் நாவுகளையும் உண்மையில் நிலைக்கச் செய்வானாக! அடிபட்டோருக்கு ஆறுதலையும், ஹலாலான ரிஸ்கையும் விசாலமாக்கி வைப்பானாக! ஆமீன்.